அந்தாண்ட என்பது எந்த இடம்

அடுத்த வாரம் முதல் இந்த வேலையில் நான் இல்லை. கருவிகளை எப்படி இயக்குவது என்று உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் எழுதுவது நான் செய்த ஒரே ஒரு தவறைப் பற்றி. ஓய்வு பெற்ற பெரியவர்கள்தான் பணி அனுபவம் எழுதுவார்கள், முப்பத்திரண்டு வயதில் இவன் என்ன எழுதுகிறான் என்று நீங்கள் சிரிக்கலாம். அறுபது வயதுவரை காத்திருந்தால் இதை எனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லப் பழகிவிடுவேன். அந்தப் பயத்தில்தான் இப்போதே எழுதுகிறேன்.

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர் என்னுடையது. அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் தோல் ஷாப்பு என்றுதான் சொல்வோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் பதிவேட்டில் பெயர் ஏறிய முதல் ஆள் நான். பாலிடெக்னிக் முடித்து, கணினியில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டு, வேலூரில் இருந்த இந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். சேர்ந்த மறு வருடமே அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு வேலூரில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். ஒரு நகராட்சி ரோடு போடவோ, வாய்க்கால் கட்டவோ முடிவு செய்தால், திட்டம் முடிவாவதற்கு முன்னால் அங்கே குடியிருப்பவர்களைக் கேட்பது. இன்று உங்களிடம் இருக்கிற வசதி அன்று இல்லை. ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், வானத்திலிருந்து எடுத்த ஊரின் படம், அவ்வளவுதான். படத்தைச் சுவரில் பாய்ச்சுவோம். ஜனங்கள் இடத்தைக் காட்டுவார்கள். பயமான இடத்துக்குச் சிவப்புப் புள்ளி, பிடித்த இடத்துக்குப் பச்சை, ஏதாவது வேண்டும் என்கிற இடத்துக்கு நீலம். புள்ளி வைத்ததும் அவர்கள் சொன்ன வாக்கியத்தை அதோடு சேர்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். இடம் தெரியாத வாக்கியம் படத்தில் ஏறாது. தனியாக ஒரு பட்டியலுக்குப் போய்விடும். செல்போனே தெருவுக்கு நாலைந்து பேரிடம் இருந்த காலத்தில் இது பெரிய அதிசயம்.

திட்டத் தலைவர் சென்னைக்காரர், கட்டடக் கலைஞர். என் தோள்மேல் கை போட்டு வேலை கற்றுக்கொடுத்தவர். அவரிடம் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. “ஜனங்க சொன்னத மட்டும் எழுது. உனக்குத் தெரிஞ்சத எழுதாத. நீயா ஒரு புள்ளி சேத்தா அது அவங்க படம் இல்ல, உன் படம்.” வேறோர் ஊரில் ஒருவன் தன் மாமா கடையைச் சுற்றி நீலப் புள்ளிகளாக வைத்துவிட்டானாம். அதிலிருந்து வந்த விதி. நல்ல விதிதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஒரு நல்ல விதிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய ஆள் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ள முடியும்.

ஒரு நாள் அவர் கையில் வந்த திட்டம் எங்கள் ஊர்த் திட்டம்.

ஈரத் தோல் ஏற்றிய லாரிகள் எங்கள் காலனித் தெரு வழியாகத்தான் தோல் ஷாப்புகளுக்குப் போகும். உப்புத் தண்ணீர் தெருவெல்லாம் ஒழுகும். குழந்தைகள் வாசலில் விளையாட முடியாது. லாரிக்குத் தனி ரோடு வேண்டும் என்று காலனிக்காரர்கள் வெகு காலமாகக் கேட்டுவந்தார்கள். நகராட்சி கடைசியில் இசைந்தது. ரோட்டை எங்கே கொண்டுபோவது, அதோடு வேறென்ன செய்வது என்று ஊரைக் கேட்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

முதல் கூட்டம் நகராட்சிப் பள்ளிக்கூட ஹாலில். சுவரில் படம் விழுந்தது. நான் கூரைகளைக் காட்டி, இது சர்ச், இது ரேஷன் கடை என்று சொல்லிக்கொண்டே போனேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏம்பா, இத மேலருந்து தான புடிச்சாங்க? எங்க வூட்ல குளிக்கிற எடத்துக்குக் கூரையே இல்லயே.”

பின்னால் லாரி ஷெட் வைத்திருந்த பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். “பேஜார் இல்லம்மா. இந்தப் படத்துல உன் வூட்டத் தேடிப் புடிக்கறதுக்குள்ள நீ குளிச்சி முடிச்சி வேலைக்கே போய்டுவ.”

ஹாலே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் கூட்டம் உயிர் பெற்றது. முன் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து மௌஸைப் பிடித்தாள். கிரேஸ். எங்கள் பழைய வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி. ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தாள். தையல் நூலளவு விலகியிருந்தாலும் பிடித்துவிடுகிற கண். பத்து நிமிடத்தில் மௌஸ் அவள் கைக்குப் பழகிவிட்டது. நான் சந்து என்று வரைந்து வைத்திருந்த ஒரு கோட்டைப் பார்த்து, “இது சந்து இல்ல சாமு அண்ணா. சர்ச் சுவரோட நெழலு. இதுக்கு எதுக்கு அங்க போய் ஒரு படிப்பு படிச்ச?” என்றாள். அவள் சொன்னது சரி. அன்று முதல் ஒவ்வொரு கூட்டத்துக்கும் புள்ளி வைக்கிற வேலையை அவளுக்கே கொடுத்தேன்.

இப்போது அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காலனியின் கடைசி வரிசை வீடுகளுக்கும் ஓடைக்கும் நடுவில் வேலிக்காத்தான் முள் மண்டிய நிலம் ஒன்று இருந்தது. காலனியில் எந்த வீட்டிலும் கழிப்பறை கிடையாது. ஆண்கள் ஆற்றுப் பக்கம் போவார்கள். பெண்கள் இந்தக் காத்தான் பக்கம். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை, யாரும் காவல் இல்லை; ஆனாலும் வயது வந்த ஒரு பையன் பந்து அங்கே போய் விழுந்தால்கூட எடுக்கப் போகமாட்டான். அக்காவையோ தங்கையையோ அனுப்புவான். என் நினைவு தெரிந்து அந்தக் கட்டுப்பாட்டை ஒருவரும் மீறியதில்லை. காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால், சாயங்காலம் பஸ் வந்த பின்னால், பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போவார்கள். அங்கேதான் பேச்சு, சிரிப்பு, அழுகை எல்லாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

அந்த இடத்துக்குப் பெண்கள் வைத்திருந்த பெயர் ‘அந்தாண்ட’. எங்கள் பக்கத்தில் அந்தாண்ட என்றால் அந்தப் பக்கம். ‘அந்தாண்ட நவுரு’, ‘அந்தாண்ட வெய்’ என்று எதற்கும் சொல்வோம். ஆனால் காலனியில் ஒரு பெண் கையில் தண்ணீர் டப்பாவோடு ‘அந்தாண்ட போய்ட்டு வர்றேன்’ என்றால், கேட்கிறவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான், ஒரே இடம்தான். கேட்டதும் ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மரியாதை அது.

நகராட்சி ஆவணத்தில் அந்த நிலத்தின் பெயர் காலி இடம். லாரி ரோட்டுக்குப் பொறியாளர் பென்சிலால் போட்டிருந்த கோடு நேராக அதன்மேல்தான் போனது.

பெண்களுக்கென்று தனிக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த பிறகு வைத்தோம். தனி என்று பெயர். வாசலிலும் ஜன்னலிலும் ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தலைவர் அன்று சென்னையில். நகராட்சிப் பொறியாளர் நடத்தினார். நான் கணினியில். பக்கத்தில் மௌஸோடு கிரேஸ்.

கிரேஸின் அக்கா எஸ்தர் எழுந்து மைக்கை வாங்கினார். அவரும் ஷூ கம்பெனிதான், தையல் மெஷின். கம்பெனியில் சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசுகிறவர் என்று பெயர்.

“லாரிக்கு ரோடு போடுங்க, வேணான்னு சொல்லல. ஆனா அந்தாண்ட மட்டும் கை வெக்காதீங்க சார். அங்க ஒரு லைட்டு போட்டா போதும்.”

“எந்தாண்டம்மா?” என்றார் பொறியாளர்.

பெண்கள் முந்தானையில் வாயை மூடிக்கொண்டார்கள்.

“அந்தாண்டன்னா அந்தாண்ட தான் சார்.”

“ஊர்ல எல்லாமே ஏதோ ஒரு ஆண்ட தாம்மா. ரோட்டுக்கு அந்தாண்டயா, ஆத்துக்கு அந்தாண்டயா?”

வாசலில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததும் எஸ்தர் அக்கா வாய் அடைத்துப் போயிற்று. அதற்குமேல் மைக்கில் அவரால் என்ன சொல்ல முடியும்? நேராக என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

பொறியாளரும் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ இந்த ஊர்தான? எந்த இடத்தச் சொல்றாங்க?”

கிரேஸ் கணினித் திரையில் அம்பை ஏற்கெனவே கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள். காத்தான் பச்சைக்கு நடுவில் நூல்போல ஒரு வெள்ளைத் தடம் அந்தப் படத்தில் தெரியும். இரண்டு தலைமுறைப் பெண்கள் நடந்து நடந்து போட்ட தடம் அது. அதன் முனையில் அம்பு நின்றது.

“வெக்கட்டா?” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

நான் சொன்னேன்: “சரியா தெரியல சார். பொதுவா சொல்றாங்க.”

சொல்லிவிட்டு மௌஸை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். “அடுத்தவங்க வாங்க” என்றேன்.

அடுத்தவர்கள் வந்தார்கள். “எஸ்தர் சொன்னதுதான் எனக்கும்.” “அக்கா சொன்ன எடம்தான்.” “அதே தான்பா, எழுதிக்க.” எஸ்தர் அக்காவோடு சேர்த்துப் பதினொரு பேர். பதினொரு வரிக்கும் நேராக, இடம் என்ற கட்டத்தில், நான் ஒன்றே ஒன்றைத்தான் தட்டச்சு செய்தேன்: இடம் குறிப்பிடவில்லை. பதினொரு வரியும் பட்டியலுக்குப் போய்விட்டன. சுவரில் இருந்த படத்தில் அந்தப் பச்சைமேல் ஒரு புள்ளிகூட விழவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல விதமாக எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். விதிப்படி நடந்தேன், எனக்குத் தெரிந்ததை நான் சேர்க்கவில்லை என்று அன்று சாயங்காலம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சின்னது, அசிங்கமானது. இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தேன். பொறியாளர் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வரச் சொல்லியிருந்தார், அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். அந்த இடம் என்னவென்று என் வாயால் சொன்னால், உன் அம்மாவும் அங்கேதான் போனாளா என்று அவர் மனசுக்குள் ஒரு படம் வரும். அந்தப் படம் வரக்கூடாது. அவ்வளவுதான் காரணம்.

கூட்டம் முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கிரேஸ் பக்கத்தில் வந்தாள். “நீ படிச்சி கெட்டுப் போய்ட்ட அண்ணா” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

படம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நிறைய சிவப்பு, நிறைய நீலம். ஜனங்கள் இவ்வளவு பேசினார்களா என்று அதிகாரிகள் வியந்தார்கள். பட்டியலை யாரும் கேட்கவில்லை. தலைவரும் பார்க்கவில்லை. ரோடு வந்தது. ரோட்டை ஒட்டி, தோலில் சுரண்டிய கழிவை லாரிக்காரர்கள் ஓடையில் கொட்டாமல் இருக்க ஆள் உயரத்துக்குமேல் ஒரு சுவரும் வந்தது. கடைசி வீட்டிலிருந்து ஓடைப் பாலம்வரை அதில் ஒரு திறப்பு கிடையாது. கொட்டுகிறவர்களைத் தடுக்கிற சுவரில் எதற்குத் திறப்பு?

தெருவில் குழந்தைகள் விளையாடினார்கள். அதை நான் குறைத்துச் சொல்லக் கூடாது. அது உண்மையிலேயே நடந்தது.

வேலை முடிந்தபின் படம் எடுக்க ஒரு தடவை போனேன். சுவர் முடிகிற இடத்தில் நின்று கேமராவைத் திருப்பியபோது, பக்கத்தில் தண்டவாளம் போகிற மேட்டின் சரிவில் புதிதாக ஒரு தடம் தெரிந்தது. புல் தேய்ந்து, மண் வெளுத்து. பெண்கள் எங்கே போகிறார்கள் என்று யாரையும் கேட்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. தடமே சொல்லிவிட்டது. எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு அது. சுவரை மட்டும் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதற்கு மூன்று மாதம் கழித்துக் கிரேஸ் செத்துப்போனாள்.

விடியற்காலை, கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால். தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் சரக்கு ரயில். அது போய் முடியும்வரை நின்று காத்திருந்திருக்கிறாள். கூட இருந்த பெண்கள் சொன்னார்கள். முடிந்ததும் காலை எடுத்து வைத்தாள். சரக்கு ரயிலின் சத்தத்தில், காட்பாடியிலிருந்து அடுத்த தண்டவாளத்தில் வந்த எக்ஸ்பிரஸ் அவள் காதில் விழவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலனிப் பெண்கள் லாரி ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கம்பெனிக்குப் போகவில்லை, லாரியை விடவில்லை. நகராட்சி ஆணையர் நேரில் வந்து, மறுநாள் பள்ளிக்கூட ஹாலில் பேசலாம் என்று எழுப்பி அனுப்பினார். தலைவர் எனக்குப் போன் செய்தார்.

“அந்தப் பொண்ணுதான நம்ம கூட்டத்துல புள்ளி வெப்பா?”

“ஆமா சார்.”

“கேட்டோமேப்பா. அவ்வளவு கேட்டோமே. ஒருத்தர்கூட அந்த எடத்தச் சொல்லலயே. படத்தப் பெருசா பிரிண்ட் போட்டு எடுத்துனு வா. நாம கேக்காம செய்யலன்னாவது அவங்களுக்குத் தெரியணும்.”

அவர் நடிக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குமேல் தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான். “சரி சார்” என்று போனை வைத்தேன். படத்தை அச்சுக்கு அனுப்பினேன். அது வெளியே வந்துகொண்டிருக்கும்போது பட்டியலைத் திறந்தேன். பதினொரு வரியும் அப்படியே இருந்தன. அந்தக் கோப்பை நான் அழித்துவிட்டால் உலகத்தில் வேறு எங்கும் அது கிடையாது. இதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது: கொஞ்ச நேரம் விரலை அழிக்கிற விசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழித்திருந்தால் சுவருக்கு எதிராகச் சொல்ல அந்தப் பெண்களிடம் ஒன்றும் இருந்திருக்காது. யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதே ஆவணமாக நின்றிருக்கும். அடுத்தவள் சாகும்வரை அந்தச் சுவரும் நின்றிருக்கும்.

மூடிவிட்டு, மடிக்கணினியோடு பஸ் ஏறினேன். எஸ்தர் அக்கா வீட்டுக்குப் போனபோது சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வாசலில் பாய் விரித்து ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் இடம் விட்டார்கள். நான் உட்காரவில்லை.

“அக்கா, அன்னிக்கு நீங்க கூட்டத்துல சொன்னது படத்துல இல்ல.”

“தெரியும். சுவரு எழும்பும்போதே தெரியும். நாங்க சொல்லியும் கேக்கலன்னு நெனச்சிகினு இருந்தோம்.”

“கேக்காம இல்லக்கா. அவங்ககிட்ட அது போய்ச் சேரவே இல்ல. நான் எழுதல.”

“எழுதலயா? நீ டைப்பு அடிச்சத நான் பாத்தனே. இன்னா அடிச்ச?”

“இடம் குறிப்பிடவில்லைன்னு.”

“அப்டின்னா?”

“எந்த எடம்னு நீங்க சொல்லலன்னு அர்த்தம்.”

“உனக்குத் தெரியாதா சாமு? உங்கம்மா எங்ககூட தான வந்தாங்க. எத்தினி வருசம்?”

“தெரியும்க்கா.”

“பின்ன?”

“வெக்கமா இருந்துச்சி.”

பாயில் இருந்த ஒரு பெண், “அவனுக்கு இன்னா, வேலூர்ல கக்கூஸ் வெச்ச வூடு கெடச்சிட்ச்சி” என்றாள். எஸ்தர் அக்கா கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தாழ்ந்த குரலில்தான் கேட்டார்.

“போறது நாங்க. முள்ளுல குந்தறது நாங்க. வெக்கம் உனக்கா?”

என் கையில் இருந்த மடிக்கணினியைக் காட்டிக் கேட்டார்:

“இது உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“மொதல்ல அவங்ககிட்ட சொல்லு. அப்பறம் நாளைக்கு ஹாலுக்கு வந்து எல்லார் எதிர்லயும் படி.”

அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். காலையில் நான் கிளம்பும்போதும் முகம் கொடுக்கவில்லை.

ஹாலில் தலைவர் பெரிய படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார். ஆணையர், பொறியாளர், நிற்க இடமில்லாமல் காலனி ஜனம். தலைவர் எழுந்து, “இந்த எடத்துல ஒரு புள்ளிகூட விழல. எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா…” என்று ஆரம்பித்தார். நடுவில் குறுக்கிட்டு, புரொஜெக்டரைப் போடட்டுமா என்று கேட்டேன். படத்தைத் திறக்காமல் பட்டியலைத் திறந்தேன். பதினொரு வரியையும் பெயரோடு படித்தேன். பெயர் படிக்கப் படிக்க அந்தந்தப் பெண் எழுந்து நின்றாள். பொறியாளர் தலை நிமிரவே இல்லை; அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

ஆணையர் கேட்டார்: “அந்தாண்டன்னா எந்த இடம்?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எஸ்தர் அக்கா நடந்து போய், ஒட்டியிருந்த படத்தில் அந்தப் பச்சைமேல் உள்ளங்கையை வைத்தார். “இங்க.”

“இது ஏன் படத்துல வரல?”

தலைவர் என்னைப் பார்த்தார். “என்கிட்ட கேட்டாங்க சார்” என்றேன். “எனக்குத் தெரியும். தெரியலன்னு சொன்னேன்.”

தலைவர் மெதுவாகச் சொன்னார்: “நான் சொல்லிக் குடுத்த விதி உனக்கு வசதியாப் போச்சு.”

“ஆமா சார்.”

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாதமே சுவரை இரண்டு இடத்தில் இடித்து வழி விட்டார்கள். மிச்சமிருந்த புதர்ப் பக்கம் ஒரு கம்பம் நட்டு விளக்குப் போட்டார்கள். கழிப்பறைக் கட்டடம் வர ஒரு வருடத்துக்குமேல் ஆயிற்று. வந்த பிறகும் தண்ணீர் இணைப்பு வரவில்லை. வீட்டிலிருந்து குடத்தில் கொண்டுபோகிறார்கள். என்னை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. தலைவர் அதற்குப் பிறகு என் தோளில் கை போட்டதில்லை, ஆனால் அவரே அடுத்த ஊருக்கும் என்னை அழைத்துப் போனார். விதியையும் மாற்றவில்லை. அதோடு ஒரு வரி சேர்த்தார்: கேட்டால் தெரிந்ததைச் சொல்.

நீங்கள் கூட்டம் முடித்துத் திரும்பியதும் புள்ளி வைத்த படத்தை முதலில் பார்க்காதீர்கள். அது உங்களைப் பாராட்டும். படத்தில் ஏறாத பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு வரியாக, சத்தமாகப் படியுங்கள். சொன்னவர் வாயில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்து, உங்களுக்கு அது புரியாவிட்டால், மறுநாளே திரும்பிப் போங்கள். மைக் இல்லாமல், ஆண்கள் இல்லாமல், பெண்களையே அனுப்பிக் கேளுங்கள். உங்களுக்கு அது புரிந்தும், வாயில் வரவில்லை என்றால், அப்போதுதான் உங்களுக்கு உண்மையான ஆபத்து. அந்த நேரத்தில் கையில் இருக்கிற விதி எதுவாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

அன்று ஹாலில் கடைசியாக நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது. ஆணையர் அந்த இடத்தை அங்கேயே, அவர் கண்முன்னால், படத்தில் பதியச் சொன்னார். புள்ளி வைத்தேன். என்ன வகை இடம் என்று கணினி கேட்டது. வீடு, கடை, கோயில், மசூதி, சர்ச், கிணறு, காலி இடம் என்று நான் போட்டு வைத்த வகைகளில் அதற்குச் சொல் இல்லை.

“பொதுக் கழிப்பிடம்னு போட்டுக்குங்க” என்றார் ஆணையர்.

“அப்டி எழுதாதீங்க சார்” என்றார் எஸ்தர் அக்கா. “அங்க கழிப்பிடம் இல்ல. நாளைக்கு வேற யாராவது வந்து இதப் பாத்தா இருக்குதுன்னு நெனச்சிப்பாங்க. நான் சொல்றேன். சாமு, எழுது.”

அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன். இங்க பொம்பளைங்க போய்ட்டு வந்துகினு இருந்தோம். கேட்டப்போ பதினொரு பேரு சொன்னோம். சுவரு கட்டி அடச்சிட்டாங்க. ரயில் ரோட்டத் தாண்டும்போது என் தங்கச்சி…

எழுத்து அதற்குமேல் நகரவில்லை. விசையை மறுபடி மறுபடி அழுத்தினேன்.

“இன்னா, நிறுத்திட்ட?”

“இடம் பத்தலக்கா. இந்தக் கட்டத்துல இவ்ளோதான் புடிக்கும்.”

“யாரு பண்ண கட்டம் அது?”

“நான் பண்ணது.”

“அப்ப பெருசு பண்ணு” என்றார். “நான் நிக்கறேன்.”

நான் பண்ணி முடிக்கும்வரை அவர் நின்றார். முதல் வார்த்தையிலிருந்து மறுபடியும் சொன்னார்.